அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே

ஊறிய பயற்றை வடிகட்டியபோது அவளுக்குக் கண் பாதிதான் திறந்திருந்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது. வெங்காயம், தக்காளி, ஒரு துண்டு பூசணிக்காய், கேரட். எல்லாவற்றையும் நறுக்கிப் பயற்றோடு சேர்த்துக் குக்கரை மூடி ஒரு அடுப்பில் வைத்தாள்; இன்னொன்றில் ஒரு முட்டை வெந்தது. விசில் வரும்வரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளலாம். ஒரு நாளில் அவளுக்குக் கிடைக்கும் நிம்மதியான ஓய்வு அதுதான்.

பஸ் பணிமனையில் எல்லோரும் 'ஸ்பேனர்' என்று கூப்பிடும் அவள் கணவன், வண்டி பழுது பார்க்கும் பள்ளத்தில் இடறி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டான். சம்பளம் பாதியானது, பிறகு அந்தப் பாதியும் நின்றது. வீட்டோடு இருந்தவள் பொது மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அதைக் கேள்விப்பட்ட நாத்தனார், "அண்ணனை இப்படித் தனியா விட்டுட்டு..." என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்குப் பாதியில் நின்ற அந்த வாக்கியம் இன்றைக்கு முழுசாக வெளியே வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

இன்று ஸ்பேனரின் காலைப் படம் எடுத்துப் பார்க்கும் நாள்.

கட்டுப் போட்ட அன்றே நர்ஸ் சொல்லியிருந்தாள்: "எலும்பு கூடணும்னா புரோட்டீன் வேணும். கறி வாங்க முடியலைன்னா கவலைப்படாதீங்க. முட்டை, பயறு, கடலை, சின்ன மீன், கூடவே காய், கீரை. இதுவே போதும், பவுடரெல்லாம் வேணாம்." அவள் அதை ஒரு விரதம் மாதிரி பிடித்துக்கொண்டாள்.

வேலை முடிந்து வரும் வழியில்தான் மார்க்கெட். கடைக்காரர்கள் மூட்டை கட்டும் நேரம் பார்த்துப் போவாள். கீறல் விட்ட முட்டைகளைத் தனியாக ஒரு தட்டில் வைத்திருப்பார்கள், விலை குறைவு. வாங்கியதும் நன்றாக வேகவைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். விரல் நீள மீன்களைச் சுத்தம் செய்யச் சலித்துக்கொண்டு யாரும் வாங்க மாட்டார்கள். அவள் வாங்குவாள். முட்டைக்கோஸின் வெளி இலைகள் கொஞ்சம் வாடியிருந்தால் என்ன, உள்ளே பால் மாதிரி வெள்ளையாகத்தானே இருக்கிறது?

வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு பாத்திரம் சத்தான சாப்பாடு அடுப்பின் மேல் தயாராக இருக்கும். மத்தியானம் அவன் சாப்பிடுவான். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது பாத்திரம் காலியாக, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். அதைப் பார்க்கும் நிமிஷம் மட்டும் அவளுக்குக் கால்வலி மறந்துபோகும். பிறகு இன்னொரு முறை சமைக்கத் தெம்பிருக்காது. 'மத்தியானம்தான் நல்லாச் சாப்பிட்டாரே' என்ற தைரியத்தில் இரவுக்கு ரொட்டியும் டீயும், முடிந்தால் ரெண்டு உருளைக்கிழங்கும். இப்படித்தான் நாட்கள் ஓடின.

விசில் அடித்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

---

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நடு வயதுப் பெண்மணி. குரலில் அதட்டல் கிடையாது, ஆனால் பூசி மெழுகவும் மாட்டார்.

"எலும்பு கூடுற வேகம் போதலை."

ஸ்பேனர் நாற்காலியில், ஊன்றுகோல்கள் மடியில். அவள் பக்கத்தில். நாத்தனார் கதவோரம்.

"எடையும் நல்லாவே குறைஞ்சிருக்கு. வீட்டுல என்ன சாப்பிடறீங்க?"

கேள்வி அவனிடம் கேட்கப்பட்டது. பதிலை அவள் சொன்னாள். "பயறு, முட்டை, மீனு டாக்டர். தினமும் ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கும். காயும் சேர்த்துத்தான் போடறேன்."

"தினமுமா?"

"ஒரு நாள் விட்டதில்லை."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அவன் ஜன்னலுக்கு வெளியே எதையோ அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படிச் சாப்பிட்டா இந்த அளவுக்கு உடம்பு இறங்காதே" என்றார் டாக்டர் மெதுவாக. "சரி, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம். அடுத்த படத்துலயும் இப்படியே இருந்துதுன்னா ஆபரேஷன்தான். உள்ள தகடு வெச்சு முடுக்கணும். அப்புறம் வேலைக்குப் போறது இன்னும் தள்ளிப்போகும்."

வேலை தள்ளிப்போனால் பணிமனையில் அந்த இடத்தை அவனுக்காக வைத்திருக்க மாட்டார்கள். அதை டாக்டர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அறைக்கு வெளியே நடைபாதைக்கு வந்ததும் நாத்தனார் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். தூணுக்குப் பின்னால் என்றுதான் பெயர், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணி, நான் தப்பாக் கேக்கறேன்னு நினைக்காதீங்க. அண்ணனுக்கு நெஜமாவே சமைக்கறீங்களா?"

"என்ன கேள்வி இது?"

"டாக்டரே நம்பலை, பார்த்தீங்கல்ல? கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. அம்மா இருந்திருந்தா அவனை இப்படிப் பார்த்துட்டுச் சும்மா இருந்திருக்க மாட்டாங்க."

"நீ சும்மா இல்லையே. பேசிட்டுத்தானே இருக்கே."

நாத்தனாரின் முகம் சிவந்தது. தோள்பையிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். மேலே பளபளவென்று, புஜத்தை மடக்கிக் காட்டும் ஓர் ஆள் படம். "புரோட்டீன் பவுடர். பால்ல கலந்து ரெண்டு வேளை குடுங்க. உங்களால முடியலைன்னா நான் வந்து குடுக்கறேன்."

அந்த டப்பாவின் விலைக்கு எத்தனை தட்டு முட்டை வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்த மனசை அவள் அதட்டி நிறுத்தினாள்.

"நர்ஸம்மாவே பவுடரெல்லாம் வேணாம்னு சொன்னாங்க."

"அப்போ எலும்பு ஏன் கூடலை?"

அந்தக் கேள்வியைத்தான் அவளும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே அழுதால், பெஞ்சில் இருப்பவர்கள் நாத்தனார் சொன்னதே சரி என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

"நீ அவரை வீட்டுல விட்டுடு. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

டப்பாவை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. நாத்தனார் அதை, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணனின் மடியில் வைத்தாள். அவனும் தொடவில்லை. யாரோ பிடித்துக்கொள்ளச் சொல்லி மடியில் விட்ட குழந்தை மாதிரி அது அங்கேயே உட்கார்ந்திருந்தது.

---

சலவைக்கூடம் அதே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில். ஜன்னல் இல்லை. பெரிய மெஷின்களிலிருந்து ஈரப் படுக்கை விரிப்புகளை வண்டி வண்டியாக இறக்குவார்கள். சூடான உருளைகளுக்கு நடுவே அவற்றைக் கொடுத்து, மறுபக்கம் வருவதை இருவராகப் பிடித்து மடிக்க வேண்டும். அவள் மடிக்கும் பக்கம். எதிர் முனையில் ஒரு பெண். முனையோடு முனை சேர்த்து, நடுவில் சந்தித்து, விலகி, மறுபடி சந்தித்து.

மடித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் நின்றுவிட்டாள்.

"என்ன அக்கா, முனையை விட்டுட்டீங்க?" என்றாள் எதிர்ப் பெண்.

"ஒண்ணுமில்லை."

ஒன்றுமில்லாமல் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் திடீரென்று கண்முன் வந்து நின்றது. கல்யாணமான நாளிலிருந்து குடித்த கப்பைக் கழுவி வைத்தறியாத மனுஷன். கை நன்றாக, கால் நன்றாக இருந்த காலத்திலேயே சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறவன். ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, தினமும் குக்கரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறானா? எதற்காக?

அவள் மேற்பார்வையாளரிடம் போனாள்.

"சார், ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "காலையிலதானேம்மா பர்மிஷன் வாங்கினே?"

"சாயங்காலம் நின்னு முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ. "போ. சொன்ன நேரத்துக்கு வந்துடு."

---

இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. வர வர இந்தப் படிகள் உயர்ந்துகொண்டே போகின்றன என்று நினைத்தாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

சமையலறை ஜன்னலருகே, சமையல் மேடையில் இடுப்பைச் சாய்த்து, ஸ்பேனர் நின்றுகொண்டிருந்தான். ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன. அவன் கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர். வெளியே ஜன்னல் சட்டத்தில் சாம்பல் நிறப் பூனை ஒன்று, வீட்டுக்கே சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்து, அவித்த முட்டையைத் தின்றுகொண்டிருந்தது. நல்ல கொழுத்த பூனை.

அவன் கவரை வெளியே நீட்டி, குறி பார்த்து, கையை விட்டான்.

கீழே குப்பைத் தொட்டியில் தொப்பென்று சத்தம் கேட்டது.

"என்ன பண்றீங்க?"

அவன் மேடையைப் பிடித்துக்கொண்டான். மெதுவாகத் திரும்பினான்.

"சீக்கிரம் வந்துட்டியே" என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான வார்த்தை என்று அவனுக்கே புரிந்திருக்க வேண்டும்.

"கவர்ல என்ன?"

அவன் கரண்டியை எடுத்து, மறுபடி மேடையிலேயே வைத்தான்.

"என்னன்னு கேக்கறேன்."

"பயறு."

அவள் அடுப்பைப் பார்த்தாள். குக்கரில் இன்னும் பாதி இருந்தது. மேடையில் கரண்டி, கட்டுவதற்குத் தயாராக இன்னொரு கவர்.

"தினமுமா?"

அவன் தலையசைத்தான்.

"மீனு?"

அவன் கண் பூனையின் பக்கம் போய்த் திரும்பியது. பூனை வாயைச் சுத்தம் செய்துகொண்டது.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே. குரல் தாழ்ந்துதான் வந்தது. "நான் எப்ப எழுந்திரிக்கறேன் தெரியுமா உங்களுக்கு? அந்த மீனை உக்காந்து ஒண்ணொண்ணா சுத்தம் பண்ணும்போது என் முதுகு ரெண்டா ஒடியும். மார்க்கெட்ல கீறல் முட்டைக்கு நான் வெக்கத்தை விட்டு நிக்கறேன். பூனைக்கா? பூனைக்கா நான் சமைச்சேன்?"

"கேளு..."

"உங்க தங்கச்சி அத்தனை பேர் முன்னாடி என்னைக் கேட்டா, சமைக்கறியான்னு. நீங்க வாயே திறக்கலை. டாக்டர் கேட்டப்பவும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"தப்புதான்."

"சாப்பாடு பிடிக்கலையா? பிடிக்கலைன்னா சொல்ல வேண்டியதுதானே?"

"பிடிக்காம இல்லை." அவன் கையை நீட்டி ஓர் ஊன்றுகோலை எடுத்து ஒரு கக்கத்தில் வைத்தான். மற்றதை மறு கக்கத்தில். "இங்க பாரு. இந்தக் கை இதுக்கு. அந்தக் கை அதுக்கு. தட்டை எதால பிடிக்கறது? பல்லாலயா?"

அவள் கூடத்து மேஜையை எட்டிப் பார்த்தாள்.

அடுப்பிலிருந்து கூடத்து மேஜை அப்படியொன்றும் தூரமில்லை. அவள் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நடக்கும் தூரம்தான். அதை ஒரு தூரமாகவே அவள் நினைத்ததில்லை.

"நீ வேலைக்குப் போன முதல் நாளு, ஒரு கட்டையை மட்டும் வெச்சுக்கிட்டு, இந்தக் கையில தட்டை எடுத்துக்கிட்டு வந்தேன். வாசப்படிகிட்ட தட்டு போச்சு, நானும் போனேன். பயறு பூராவும் தரையில. அதை உக்காந்து என் சட்டையைக் கழட்டித் துடைச்சேன். துடைச்சுட்டு எழுந்திரிக்க முடியலை. சுவரைப் பிடிக்கறேன், வழுக்குது. நீ வர்றதுக்குள்ள எழுந்துட்டாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இங்கேயே நின்னுக்கிட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன். நிக்க நிக்கக் கால்ல ரத்தம் இறங்கி வெடிக்கற மாதிரி வலி. நாலு கரண்டி போகும். மிச்சம் இருக்கும். இருந்தா நீ கேப்பே. அதனால..."

"ஒரு ஸ்டூல் போட்டுத் தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலை?"

"நீ உக்காந்தபடியே தூங்கிடறே. வாயில ரொட்டி இருக்கும், தூங்கிடுவே. உன்கிட்ட இன்னும் ஒரு வேலையைச் சொல்ல வாய் வரலை. காலிப் பாத்திரத்தைப் பார்த்தா மட்டும் நீ சிரிப்பே. வேற எதுக்கும் சிரிக்கறதில்லை இப்பல்லாம்."

அவள் மனசு இளகவில்லை. இளகியிருக்கலாம், ஆனால் அதற்கும் தெம்பில்லை.

"எனக்குச் சிரிப்புக் காட்ட உங்க காலையே பணயம் வெச்சீங்களா?" என்றாள்.

கூடத்திலிருந்து நாற்காலியை இழுத்து வந்து அவன் பின்னால் போட்டாள். "உக்காருங்க." இரண்டு தட்டு எடுத்தாள். குக்கரில் இருந்ததைப் பாதிப் பாதியாகப் போட்டாள். ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். மற்றதோடு சமையலறைத் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு வாய் வைத்தவுடன்தான் அவளுக்கு உறைத்தது. உப்புப் பார்ப்பதற்காக நாக்கில் வைத்ததைத் தவிர, இந்தப் பயற்றை அவள் இத்தனை நாளில் சாப்பிட்டதே இல்லை. ஒருவருக்கு அளவாகத்தான் செய்தாள். பூசணிக்காய் கரைந்து, பயறு மெத்தென்று, நன்றாகத்தான் இருந்தது. அவள் வேகமாகச் சாப்பிட்டாள்.

"நீ இதைச் சாப்பிடறதே இல்லையா?" என்றான் அவன்.

"உங்களுக்குத்தானே எலும்பு கூடணும்."

"அப்போ நீ மத்தியானம் என்ன சாப்பிடறே?"

"ரொட்டி."

"வெறும் ரொட்டியா?"

"டீ இருக்கே."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூனை மட்டும்தான் இந்த வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறது.

அவள் எழுந்து கை கழுவினாள்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இதுக்கு ஒரு வழியை நான் கண்டுபிடிக்கப் போறதில்லை. என் தலையில இனி இடமில்லை. பஸ்ஸுக்கு அடியில படுத்துக்கிட்டு இன்ஜினையே இறக்கி ஏத்தற ஆளு நீங்க. ஒரு தட்டு சோறு நகர வழி உங்களுக்குத் தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்? சாயங்காலம் வருவேன். எனக்கு வழி வேணும். சாக்கு வேணாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். படிக்கட்டின் நடுவில் ஒரு நிமிஷம் நின்று கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு பஸ் வரவில்லை என்று நடந்தே போனாள்.

---

விட்டுப்போன நேரத்துக்கும் சேர்த்து மடித்துக் கொடுத்துவிட்டு அவள் மார்க்கெட்டுக்குப் போனபோது பாதிக் கடைகள் மூடியிருந்தன. கீறல் முட்டை கிடைத்தது. மீன்காரி கூடையைக் கவிழ்க்கும் சமயம், "எடுத்துட்டுப் போங்கக்கா, நாளைக்கு இது தாங்காது" என்று மிச்சமிருந்த சின்ன மீனையெல்லாம் அள்ளிப் போட்டாள். சுத்தம் செய்வதை நினைத்தாலே முதுகு வலித்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

மாடிப்படியிலேயே வெங்காயம் கருகும் வாசனை வந்தது.

கதவைத் திறந்தவள் தன் வீடுதானா என்று ஒரு கணம் தயங்கினாள். கூடத்து மேஜையைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டிருந்தார்கள். அதன் ஒரு கோடியில் கேஸ் அடுப்பு உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் நாற்காலியில் ஸ்பேனர், கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்து, கையில் கரண்டியோடு. உப்பு, எண்ணெய், கத்தி, தட்டு எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் வரிசையாக. பணிமனையில் அவன் கருவிகளை அடுக்கி வைக்கும் அதே ஒழுங்கு.

"தட்டை எப்படி மேஜைக்குக் கொண்டுபோறதுன்னே யோசிச்சுட்டு இருந்தேன்" என்றான் அவன். "அடுப்பை மேஜைக்குக் கொண்டுவந்தா முடிஞ்சு போச்சு."

"கேஸ் டியூபு?"

"புது டியூபு. பாப்பா வாங்கிட்டு வந்தா. கிளிப்பை முடுக்கிட்டு, சோப்பு நுரை தடவிப் பார்த்துட்டேன். ஒரு கொப்புளம் வரலை."

'பாப்பா' என்று அவன் சொன்னது தங்கையை. நாத்தனார் மேஜையின் மறு கோடியில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊரில் பெரிய திரைச்சீலைக் கடைக்காரரின் மனைவி, முடியை அள்ளிச் செருகிக்கொண்டு, கையெல்லாம் ஈரமாக. மேஜையும் அடுப்பும் அவள் கையால்தான் நகர்ந்திருக்க வேண்டும். அவள் தலை நிமிரவில்லை.

"அண்ணன் எல்லாத்தையும் சொன்னான்" என்றாள்.

"ம்."

"அந்த டப்பாவை நாளைக்குக் கடையில திருப்பிக் குடுத்துடறேன். சீல் பிரிக்கலை."

"சரி."

மன்னிப்பு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவள் பையை இறக்கி வைத்தாள். நாத்தனார் இன்னும் கொஞ்ச நேரம் நறுக்கினாள். பிறகு, "அண்ணி, வெளி இலையையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். போடலாமா, கூடாதா?" என்று கேட்டாள். அந்தக் குரலில், காலையில் நடைபாதையில் கேட்ட அதட்டல் துளிக்கூட இல்லை.

"வாடினதை மட்டும் கிள்ளிட்டு மிச்சத்தைக் கழுவிப் போடு. நல்ல பச்சையா இருக்கறது அதுதான்."

நாத்தனார் குனிந்து கூடையிலிருந்து இலைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஸ்பேனர் பையை எட்டி இழுத்துப் பார்த்தான். "மீனா? குடு இங்க. கத்தரிக்கோல் எங்க?"

"உங்களுக்குத் தெரியாது."

"வால்வையே கழட்டிச் சுத்தம் பண்றேன். மீனு என்ன பெருசா?"

பெரிதாகத்தான் இருந்தது. முதல் மீன் கையிலிருந்து வழுக்கிக் கருகிப்போன வெங்காயத்துக்குள் விழுந்தது. இரண்டாவதின் தலை தேவைக்கு மேல் போயிற்று. நான்காவது மீனுக்குள் கை பழகிவிட்டது. அவள் உதவப் போனாள். "உக்காரு" என்றான் அவன், மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே. "காலையில என்ன சொன்னே? உன் தலையில இடமில்லைன்னே. கையிலயும் இருக்க வேணாம்."

"காலையில இல்லை, மத்தியானம்."

"சரி, மத்தியானம்."

அவள் மேஜையோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் தலையைச் சாய்த்தாள். கத்தரிக்கோலின் சத்தம், எண்ணெயின் சத்தம், அண்ணனும் தங்கையும் உப்புப் போட்டாயிற்றா இல்லையா என்று சண்டை போடும் சத்தம். அவள் எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை. தோளைத் தொட்டு எழுப்பியபோது அவள் முன்னால் ஒரு தட்டு இருந்தது. கொஞ்சம் சோறு, பொரித்த மீன், முட்டைக்கோஸோடு கிளறிய முட்டை. இன்னொருவர் பரிமாறிய தட்டு.

மீனில் உப்பே இல்லை. முட்டைக்கோஸில் இரண்டு பேரும் போட்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் சரியாக இருந்தது.

"எப்படி?" என்றான் ஸ்பேனர். அவனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், உட்கார்ந்து, அவசரமில்லாமல், தட்டின் பாதியைத் தாண்டி.

"பூனை ஏமாந்து போகும்" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். அவளுக்கும் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. ஒரு நாள் சாப்பிட்டதால் எலும்பு கூடிவிடாது. நாளைக்கும் விடியும் முன் எழ வேண்டும், நாளைக்கும் படியேற வேண்டும். ஆனால் பயற்றை ஊறப்போட்டால் போதும், வேகவைப்பது அவன் பாடு என்று நினைத்தபோதே தோள்பட்டையில் ஏதோ ஒன்று இறங்கியது.

அப்போதுதான் அவள் நாத்தனாரைக் கவனித்தாள்.

நாத்தனார் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு வாய் இறங்குவதற்குள் அடுத்தது. மீனின் முள்ளைக்கூட உறிஞ்சிவிட்டுத்தான் ஓரத்தில் வைத்தாள். சோறு தீர்ந்ததும் ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளித் தட்டைத் துடைத்தாள். வழக்கமாக இந்த வீட்டில் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதும், நான் வீட்டுலயே சாப்பிட்டுட்டேன்" என்று தட்டை நகர்த்தி வைப்பவள்.

பசியோடு சாப்பிடுகிறவர்களை அவளுக்கு அடையாளம் தெரியும். சலவைக்கூடத்தில் பொட்டலத்தைப் பிரிக்கும் கைகளைத் தினமும் பார்க்கிறாள். ஒரு வேளைப் பசி ஒரு மாதிரி. இது ஒரு வேளைப் பசி இல்லை, பல நாள் பசி; அந்தப் பெரிய கடைக்காரர் வீட்டில் என்னவோ சரியில்லை.

ஸ்பேனரும் பார்த்துவிட்டான். அவன் கண்ணில் குறும்பு எட்டிப் பார்த்தது. "என்ன பாப்பா, உங்க வீட்டுல..."

மேஜைக்கடியில் அவன் நல்ல காலை அவள் மிதித்தாள். அழுத்தி மிதித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

சட்டியில் இருந்த மிச்ச மீனையும், ஒரு கரண்டி சோற்றையும் எடுத்து நாத்தனாரின் தட்டில் போட்டாள்.

"போதும் அண்ணி" என்றாள் நாத்தனார், நிமிராமல்.

தட்டை மட்டும் விலக்கவில்லை.